லிமிட் 20 போட்டும் ஒவ்வொரு முறையும் வேறு பதிவுகள் வருகின்றன: காரணம் என்ன?

எடைமேடைக் கிராணி (ஊத்தான் மெலிந்தாங்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில், சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு நிலையத்தில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். கணினியைப் பொறுத்தவரை தெலுக் இந்தானில் ஆறு மாத வகுப்புக்குப் போனதுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் வேலை நேரத்தில் நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது.

குலையோடு லோரி மேடையில் ஏறும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிகர எடை. இவற்றைச் சீட்டில் அச்சிட்டு, வெள்ளைப் பிரதியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் பிரதியை நாங்கள் வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு முதல் போட்ட சீட்டுகள் அனைத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. இப்போது ஏறக்குறைய 210,000 பதிவுகள்.

கடைசியாக எடை போட்ட 20 சீட்டுகள் முதலில் தெரிய வேண்டும், ‘அடுத்து’ பொத்தானை அமுக்கினால் அதற்கு முந்தைய 20 வர வேண்டும், இப்படியே பின்னோக்கிப் போக வேண்டும் என்று மேலாளர் சென்ற மாதம் ஒரு திரை கேட்டார். அதற்கு நான் எழுதிய வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) இது. கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ஆர்டர் பை’ எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதையும், ‘டெஸ்க்’ புதியது முதலில் என்பதையும், ‘லிமிட்’ எத்தனை பதிவுகள் என்பதையும், ‘ஆஃப்செட்’ தொடக்கத்தில் எத்தனையைத் தள்ளிவிடுவது என்பதையும் குறிக்கும்.

செலக்ட் * ஃப்ரம் எடைச்சீட்டு
ஆர்டர் பை தேதி டெஸ்க்
லிமிட் 20 ஆஃப்செட் 0;

அடுத்த பக்கத்துக்கு ஆஃப்செட் 20, அதற்கடுத்த பக்கத்துக்கு 40 என்று நிரல் கூட்டிக்கொண்டே போகும். சோதித்துப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விளைச்சல் கூடி, ஒரே நாளில் 120 லோரிகளுக்கு மேல் வரத் தொடங்கிய பிறகுதான் குழப்பம் தெரிந்தது. முதல் பக்கத்தில் பார்த்த சீட்டு மூன்றாம் பக்கத்திலும் வருகிறது. சில சீட்டுகளோ எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

நேற்று முன்தினம் ஒரு பெரியவர் தம் வெள்ளைச் சீட்டை ஜன்னல் கம்பிக்குள் நீட்டி, “தம்பி, என் குலை உங்கள் கணக்கில் ஏறவில்லையா?” என்று கேட்டார். அவருடைய சீட்டெண்ணை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். ஆறு பக்கங்கள் போயும் கிடைக்கவில்லை. பின்னால் லோரிகள் வரிசை கட்டி நின்றன. கடைசியில் மஞ்சள் பிரதிக் கட்டை அவிழ்த்துத்தான் அவரிடம் காட்ட முடிந்தது. ஒன்றரை டன் குலைக்கு உரிய பணம் அவருக்குச் சின்னத் தொகை இல்லை. கணக்கில் இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் முழுமையாக நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

இதோடு, 2019ஆம் ஆண்டுச் சீட்டுகள் வரை பின்னோக்கிப் போனால் ஒரு பக்கம் திறக்க எட்டு வினாடி ஆகிறது. லிமிட்டையே எடுத்துவிட்டு எல்லாப் பதிவுகளையும் வரவழைத்து, நிரலுக்குள் இருபது இருபதாக வெட்டிக்கொள்ளும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியான வழியா? தரவுத்தளம் பழுதாகிவிட்டதோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஈப்போ நிரலர் பதில்:

தம்பி, முதலில் அச்சத்தை விடுங்கள். உங்கள் தரவுத்தளம் பழுதாகவில்லை. நீங்கள் கேட்டதற்கு அது சரியாகத்தான் பதில் சொல்கிறது. கேள்வியில்தான் ஒரு சொல் குறைகிறது.

குலை கொட்டும் மேட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி, “இருபது குலை எடுத்து வா” என்று சொன்னால் அவர் எந்த இருபதைக் கொண்டுவருவார்? கைக்கு எட்டியதைத்தான். மறுமுறை அனுப்பினால் வேறு இருபது வரும். லிமிட் 20 என்பதும் அவ்வளவுதான்: எத்தனை என்று அது சொல்கிறது, எவை என்று சொல்வதில்லை. எவை என்பதைச் சொல்ல வேண்டியது ஆர்டர் பை. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியின்படி அட்டவணை என்பது பதிவுகளின் கணம் (தொகுதி), கணத்துக்கு முன்பின் கிடையாது. அட்டவணைக்கென்று ‘இயல்பான’ வரிசை ஒன்று இருப்பதாக நாம் நினைப்பதெல்லாம் சிறிய அட்டவணைகளைப் பார்த்துப் பழகிய கண்ணின் நம்பிக்கைதான்.

நான் ஆர்டர் பை போட்டிருக்கிறேனே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிருக்கிறீர்கள், ஆனால் ‘தேதி’ என்ற புலத்தில் (அட்டவணையின் பத்தியில்) நாள் மட்டும்தான் இருக்கிறது, நேரம் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரே நாளில் போட்ட 120 சீட்டுகளும் அந்த வரிசையில் சமம். சமமானவற்றுள் எதை முன்னால் வைப்பது என்பது தரவுத்தளத்தின் விருப்பம். அந்த விருப்பம் ஒரு வினவலுக்கும் அடுத்த வினவலுக்கும் இடையே மாறினாலும் அது விதிமீறல் ஆகாது.

உங்கள் நிலையில் அது உண்மையிலேயே மாறுகிறது. தேதிப் புலத்தில் இண்டெக்ஸ் (முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த தேடல் பட்டியல்) இல்லாதபோது ஆர்டர் பையும் லிமிட்டும் சேர்ந்து வந்தால், மைஎஸ்கியூஎல் 5.6 பதிப்பிலிருந்து, மொத்த அட்டவணையையும் வரிசைப்படுத்தி முடிக்காமல், தேவையான அளவு பதிவுகளை மட்டும் ஒரு முன்னுரிமை வரிசையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துக்கொண்டே போகும் முறையைக் கையாள முடியும். முதல் பக்கத்துக்கு அது 20 பதிவுகளைக் கையில் வைத்திருக்கிறது. மூன்றாம் பக்கத்துக்கு, தள்ளவேண்டிய 40ஐயும் சேர்த்து 60. கையில் வைத்திருக்கும் அளவு மாறும்போது, சமமான தேதிகளுக்குள் எது முன்னால் நிற்கிறது என்பதும் மாறிவிடும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சரி. எல்லாப் பக்கங்களையும் அடுக்கி வைத்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்தப் பெரியவருடைய சீட்டு, முதல் பக்கத்துக்கான அடுக்கில் நாற்பதாவது இடத்திலும், இரண்டாம் பக்கத்துக்கான அடுக்கில் பத்தாவது இடத்திலும், மூன்றாம் பக்கத்துக்கான அடுக்கில் எழுபதாவது இடத்திலும் இருந்திருக்கலாம். அவர் சீட்டு ஒவ்வொரு முறையும் உங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறது.

தீர்வு எளிது. வரிசையின் கடைசியில், எந்த இரண்டு பதிவுகளுக்கும் ஒன்றாக இருக்க முடியாத ஒரு புலத்தைச் சேருங்கள். உங்களிடம் சீட்டெண் இருக்கிறது.

செலக்ட் சீட்டெண், தேதி, லோரி_எண், நிகர_எடை
ஃப்ரம் எடைச்சீட்டு
ஆர்டர் பை தேதி டெஸ்க், சீட்டெண் டெஸ்க்
லிமிட் 20 ஆஃப்செட் 0;

இனி இரண்டு பதிவுகள் சமமாக முடியாது; ஆகவே ‘கடைசி இருபது’ என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. எல்லாப் புலங்களையும் கேட்கும் நட்சத்திரக் குறியையும் எடுத்துவிட்டிருக்கிறேன், கவனியுங்கள். லிமிட் பதிவுகளின் எண்ணிக்கையைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, ஒவ்வொரு பதிவின் பருமனையும் கட்டுப்படுத்தாது. எடைமேடை மென்பொருள்கள் பல, லோரியின் புகைப்படத்தை அதே அட்டவணையில் சேர்த்துவைக்கின்றன. உங்களுடையதும் அப்படியென்றால் ஒவ்வொரு பக்கத்தோடும் இருபது படங்கள் வலையமைப்பின் வழியே வந்துகொண்டிருக்கும்.

அடுத்ததாக, தேதிப் புலத்துக்கு ஓர் இண்டெக்ஸ் போடுங்கள். லிமிட் போட்டாலே வேலை குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இண்டெக்ஸ் இல்லாவிட்டால், இருபதைத் தருவதற்காக 210,000 பதிவுகளையும் படித்துத்தான் ஆக வேண்டும்; கடைசிப் பதிவு எது என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதானே தெரியும்? இண்டெக்ஸ் இருந்தால் அதன் ஒரு முனையிலிருந்து இருபதை எண்ணிவிட்டு அங்கேயே நின்றுவிடும். மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்னோடிபி வகை அட்டவணைகளில் எந்த இண்டெக்ஸை உருவாக்கினாலும் அதனுள் பிரைமரி கீயும் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமும்) சேர்ந்தே இருக்கும். ஆகையால் சீட்டெண் உங்கள் பிரைமரி கீ என்றால், தேதிக்கு மட்டும் இண்டெக்ஸ் போட்டாலே மேலே உள்ள வரிசைக்கு அது போதும். வினவலின் முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள், தரவுத்தளம் எப்படித் தேடப்போகிறது என்று அது காட்டும்; தனியே வரிசைப்படுத்துவதைக் குறிக்கும் ‘யூசிங் ஃபைல்சார்ட்’ என்ற சொற்கள் மறைந்திருந்தால் இண்டெக்ஸ் வேலை செய்கிறது என்று பொருள்.

நண்பர் சொன்ன வழி வேண்டாம். இருபது சீட்டைப் பார்ப்பதற்காக ஒன்பது ஆண்டுக் கணக்கையும் ஒவ்வொரு முறையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்வது அது.


தைப்பிங் ஆசிரியை பதில்:

மேலே ஐயா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் கல்லூரியில் தரவுத்தளப் பாடம் நடத்துகிறவள்; மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் இடறி விழும் இடம் இதுதான். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே ஒரு பதிவைத் திருத்தினால் புதிய பிரதி வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. ஆர்டர் பை இல்லாத வினவலில் அந்தப் பதிவு திடீரென்று கடைசிக்குப் போய்விடும். 8.3 பதிப்பிலிருந்து, பெரிய அட்டவணையை இருவர் ஒரே நேரத்தில் படித்தால், இரண்டாமவருடைய வாசிப்பு முதலாமவர் போய்க்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே தொடங்கக்கூடும். ஆகவே ‘முதல் பத்து’ என்று கேட்டவருக்கு அட்டவணையின் நடுவிலிருந்து பத்து வரலாம்.

உங்கள் நிலையத்தில் இப்போது மைஎஸ்கியூஎல் இருந்தாலும், நாளை ஆலையின் தரவுத்தளத்தோடு பேச வேண்டி வரலாம் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். லிமிட் என்ற சொல் எஸ்கியூஎல் (தரவுத்தள வினவல் மொழி) தரநிலையில் இல்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட் ஆகியவை அதை ஏற்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் ‘செலக்ட் டாப் (20)’ என்று தொடக்கத்திலேயே எழுத வேண்டும். அதன் 2012 பதிப்பிலிருந்து ‘ஆஃப்செட் 20 ரோஸ் ஃபெட்ச் நெக்ஸ்ட் 20 ரோஸ் ஒன்லி’ என்ற வடிவமும் உண்டு. இந்த இரண்டாம் வடிவத்தை ஆர்டர் பை இல்லாமல் எழுதினால் எஸ்கியூஎல் சர்வர் பிழை என்று மறுத்துவிடும். எல்லாத் தரவுத்தளங்களும் இந்தக் கண்டிப்பைக் கடைப்பிடித்திருந்தால் நம் மாணவர்களும் கிராணிமார்களும் எவ்வளவோ தப்பித்திருப்பார்கள் என்பது என் உறுதியான கருத்து. தரநிலை வடிவமான ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ 2008ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்தது. ஆரக்கிள் தரவுத்தளம் தன் 12சி பதிப்பில், 2013இல், அதை ஏற்றுக்கொண்டது.

ஆரக்கிளின் பழைய நிரல்களில் ரோநம் என்ற ஒன்றைக் காண்பீர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘வேர் ரோநம் <= 20 ஆர்டர் பை தேதி டெஸ்க்’ என்று எழுதினால், வரிசைப்படுத்துவதற்கு முன்பே ஏதோ இருபது பதிவுகளுக்கு எண் கொடுத்து எடுத்துவிட்டு, அந்த இருபதை மட்டும் அழகாக வரிசைப்படுத்தித் தரும். பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. வரிசைப்படுத்துவதை உள்வினவலாக எழுதி, அதற்கு வெளியேதான் ரோநம் நிபந்தனையை வைக்க வேண்டும். ‘ரோநம் > 20’ என்று கேட்டால் ஒரு பதிவும் வராது. முதல் பதிவு எண் 1 பெற்று நிபந்தனையில் தோற்றுவிடுவதால், அடுத்து வருவதற்கும் அதே எண் 1தான் கிடைக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் ‘லிமிட் 20, 40’ என்ற சுருக்க வடிவமும் உண்டு. இருபதிலிருந்து நாற்பது வரை என்று அதைப் படித்துவிடாதீர்கள். இருபதைத் தள்ளிவிட்டு நாற்பதை எடு என்பதுதான் அதன் பொருள். நீங்கள் எழுதியதுபோல ஆஃப்செட் என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

சமநிலை பற்றி இன்னொன்று. தீபாவளிக்கு அதிகக் குலை கொடுத்த மூன்று தோட்டக்காரர்களுக்குப் பரிசுக்கூடை தருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் இடத்தில் இருவர் ஒரே எடையில் நின்றால், லிமிட் 3 அவர்களில் ஒருவரை வெளியே தள்ளிவிடும். சீட்டெண்ணைச் சேர்த்து வரிசையை நிலைப்படுத்துவது பக்கங்களுக்குச் சரி. பரிசுக்கு அது நியாயம் ஆகாது, உறுப்பினர் எண் சிறியதாக இருப்பது ஒருவருடைய தகுதி இல்லையே. எஸ்கியூஎல் சர்வரில் ‘டாப் (3) வித் டைஸ்’ என்றும், போஸ்ட்கிரஸ் 13 முதல் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 3 ரோஸ் வித் டைஸ்’ என்றும் எழுதினால் கடைசி இடத்தில் சமமாக நிற்கும் அனைவரும் வருவார்கள். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி இல்லை, அங்கே 8.0 பதிப்பில் வந்த ரேங்க்() செயற்கூறைப் பயன்படுத்தி, இடம் 3 வரை உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘செலக்ட் வெர்ஷன்()’ என்று ஒருமுறை ஓட்டி உங்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஏஎம்பிபி தொகுப்பின் வழியே நிறுவியிருந்தால், மைஎஸ்கியூஎல் என்று நாம் நினைத்திருப்பது, அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியாக இருக்கக்கூடும்.


எடைமேடைக் கிராணி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இன்று காலை லோரிகள் வருவதற்கு முன்பே உட்கார்ந்து இரண்டையும் செய்து பார்த்தேன். தேதிப் புலத்தில் நாள் மட்டும்தான் இருக்கிறது, ஐயா சொன்னது சரி. லோரிப் படமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. சீட்டெண்ணைச் சேர்த்த பிறகு, அக்டோபர் மாதத்தின் ஒரு நாளை எடுத்து, அன்றைய 124 சீட்டுகளின் எண்களையும் மஞ்சள் பிரதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. பெரியவருடைய சீட்டு மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவதாக இருந்தது.

பதிப்பு 8.0 என்று காட்டுகிறது, மைஎஸ்கியூஎல்தான்.

முதல் பக்கங்கள் உடனே திறக்கின்றன. ஆனால் 2019ஆம் ஆண்டு வரை போனால் இன்னும் மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது. இண்டெக்ஸ் போட்ட பிறகும் ஏன்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் கடைசி மூன்று சீட்டுகளை மட்டும் ஒரே பட்டியலாக மேலாளர் கேட்கிறார். லிமிட் 3 போட்டால் மொத்தத்திலேயே மூன்றுதான் வருகிறது.


கிள்ளான் வாசகர் பதில்:

தாமதத்துக்குக் காரணம் ஆஃப்செட். ‘ஆஃப்செட் 140,000’ என்று சொன்னால், தரவுத்தளம் நேராக அந்த இடத்துக்குத் தாவிப் போவதில்லை. 140,020 பதிவுகளை எண்ணிக் கடந்து, முதல் 140,000ஐ வீசிவிட்டுக் கடைசி இருபதைத் தருகிறது. இண்டெக்ஸில் இல்லாத லோரி எண்ணையும் நிகர எடையையும் நீங்கள் கேட்பதால், வீசப்போகும் பதிவுகளுக்கும் மைஎஸ்கியூஎல் அட்டவணைக்குள் போய்வர நேர்கிறது. பின்னோக்கிப் போகப் போகத் தாமதம் கூடுவது அதனால்தான்.

பக்க எண்ணை நினைவில் வைக்காமல், கடைசியாகக் காட்டிய சீட்டை நினைவில் வையுங்கள். திரையின் அடியில் நின்ற சீட்டு 2019 மார்ச் 14ஆம் தேதியது, எண் 71240 என்றால், அடுத்த பக்கத்துக்கான வினவல் இப்படி அமையும்:

செலக்ட் சீட்டெண், தேதி, லோரி_எண், நிகர_எடை
ஃப்ரம் எடைச்சீட்டு
வேர் தேதி <= '2019-03-14'
அண்ட் (தேதி < '2019-03-14' ஆர் சீட்டெண் < 71240)
ஆர்டர் பை தேதி டெஸ்க், சீட்டெண் டெஸ்க்
லிமிட் 21;

‘(தேதி, சீட்டெண்) < (…)’ என்று இரண்டையும் ஒரே அடைப்புக்குள் ஒப்பிடும் வடிவம் இதைவிடச் சுருக்கமானது. போஸ்ட்கிரஸ் அதற்கு இண்டெக்ஸை நன்றாகவே பயன்படுத்தும். மைஎஸ்கியூஎல்லுக்கு மேலே உள்ளதுபோல விரித்து எழுதுவதே பாதுகாப்பு. இப்போது இண்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து எண்ணத் தொடங்கும் என்பதால், முதல் பக்கத்துக்கும் 2016ஆம் ஆண்டுப் பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய லோரி வந்து சீட்டு விழுந்தாலும் பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று நகராது. ஆஃப்செட் முறையில், ஒரு புதிய சீட்டு மேலே ஏறியதும் முதல் பக்கத்தின் கடைசிச் சீட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் சீட்டாக மீண்டும் தலைகாட்டும்.

ஏன் 21 என்று கேட்பீர்கள். இருபதைக் காட்டிவிட்டு, இருபத்தொன்றாவது வந்ததா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால் ‘அடுத்து’ பொத்தானைக் காட்டுங்கள், வராவிட்டால் மறையுங்கள். மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று அறிவதற்காக ஒவ்வொரு முறையும் கவுண்ட்(*) ஓட்டுவது வேண்டாத சுமை. இன்னோடிபி மொத்த எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பதில்லை, கேட்கும்போதெல்லாம் எண்ணித்தான் சொல்கிறது.

இந்த முறையில் ‘ஏழாயிரமாவது பக்கத்துக்குப் போ’ என்று தாவ முடியாது. அது உங்களுக்கு ஓர் இழப்பாகும் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர் சீட்டை நீட்டும்போது அதில் தேதியும் எண்ணும்தானே இருக்கின்றன, பக்க எண் இல்லையே. திரையின் மேலே தேதிக்கு ஒரு பெட்டி, சீட்டெண்ணுக்கு ஒரு பெட்டி வையுங்கள். எண்ணைத் தட்டினால் அந்த ஒரு சீட்டு உடனே வந்து நிற்கட்டும்.

ஆஃப்செட்டை நான் இவ்வளவு வற்புறுத்தி விலக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் 6,000 பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலை எழுதினேன். ‘அனுப்பப்படாதவர்’ என்ற நிபந்தனையோடு ஐந்நூறு ஐந்நூறாக எடுத்து, அனுப்பியதும் ‘அனுப்பியாயிற்று’ என்று குறித்துவிட்டு, அடுத்த சுற்றில் ஆஃப்செட்டை 500 கூட்டிக்கொண்டே போனேன். முதல் ஐந்நூறு பேரைக் குறித்த உடனே அவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்களிலிருந்து நான் மேலும் ஐந்நூறு பேரைத் தள்ளிவிட்டு எடுக்கிறேன். ஆறு சுற்றுகள் முடிந்தபோது மீதம் 3,000 பேர், ஆஃப்செட்டும் 3,000. ஒரு பதிவும் வராததால், வேலை முடிந்தது என்று நிரல் நின்றுவிட்டது. பிழை என்று ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை. சரியாகப் பாதிப் பேருக்குக் கட்டணத் தேதி தெரியாமலே போய், அவர்களில் பலர் தாமதக் கட்டணம் செலுத்தினார்கள். நான் எழுதிய எண்கள் அவர்களுடைய பையிலிருந்து பணத்தை எடுத்தன என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. பதிவுகளைக் குறித்துக்கொண்டோ அழித்துக்கொண்டோ போகும் நிரலில் எப்போதும் ஆஃப்செட் இல்லாமல் முதலிலிருந்தே எடுங்கள். அல்லது மேலே காட்டியதுபோல, கடைசியாகத் தொட்ட எண்ணுக்கு அப்பால் என்று கேளுங்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு லிமிட் உதவாது, ஏனென்றால் அது மொத்த விடையைத்தான் வெட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இடம் கொடுக்க 8.0 பதிப்பில் ரோ_நம்பர்() இருக்கிறது:

செலக்ட் * ஃப்ரம் (
செலக்ட் சீட்டெண், உறுப்பினர்_எண், தேதி, நிகர_எடை,
ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை உறுப்பினர்_எண்
ஆர்டர் பை தேதி டெஸ்க், சீட்டெண் டெஸ்க்) ஆஸ் இடம்
ஃப்ரம் எடைச்சீட்டு
) ஆஸ் பட்டியல்
வேர் இடம் <= 3
ஆர்டர் பை உறுப்பினர்_எண், இடம்;

ஒவ்வோர் உறுப்பினருடைய சீட்டுகளையும் தனித்தனிக் கட்டாகப் பிரித்து, கட்டுக்குள் புதியதிலிருந்து 1, 2, 3 என்று எண்ணிட்டு, மூன்றுக்கு மேற்பட்டதை விட்டுவிடுகிறது. இங்கேயும் சீட்டெண்ணை மறக்காமல் சேர்த்திருக்கிறேன். ஒரே தோட்டக்காரர் ஒரே நாளில் இரண்டு நடை குலை கொண்டுவருவது உண்டல்லவா?


ஈப்போ நிரலர் பதில்:

கிள்ளான் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரோ_நம்பர்() வினவல் முழு அட்டவணையையும் தொடும்; ஆகவே அதை ஒவ்வொரு லோரிக்கும் ஓட்டாமல், மேலாளர் கேட்கும்போது மட்டும் ஓட்டுங்கள். அவருக்குக் கடந்த மூன்று மாதங்களின் சீட்டுகள் போதுமென்றால், உள்வினவலிலேயே தேதிக்கு ஒரு நிபந்தனை வைத்துவிடுங்கள்.


எடைமேடைக் கிராணி எழுதியது:

அனைவருக்கும் மீண்டும் நன்றி. சீட்டெண்ணுக்கான பெட்டியை இன்று மாலையே வைத்துவிட்டேன். 2016ஆம் ஆண்டின் முதல் சீட்டைத் தட்டிப் பார்த்தேன், விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. ‘அடுத்து’ பொத்தானையும் 21 பதிவுகளைக் கேட்கும் முறைக்கு மாற்றிவிட்டேன். எடை போட்ட நேரத்தையும் பதிவு செய்ய ஒரு புதிய புலம் சேர்க்க மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய சீட்டுகளுக்கு அது வெறுமையாகவே இருக்கும் என்பதால், வரிசைக்குத் தேதியையும் சீட்டெண்ணையுமே தொடர்ந்து பயன்படுத்தப்போகிறேன்.

பெரியவர் அடுத்த சுற்றுக் குலையோடு வரும்போது திரையை ஜன்னல் பக்கம் திருப்பி, அவருடைய மூன்று சீட்டுகளையும் அவரையே படிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.